கல்லீரலில் சீழ்க்கட்டி: நோயாளிகளும் வீட்டாரும் கேட்கும் கேள்விகள்

கல்லீரலில் சீழ் கட்டியிருக்கிறது என்று சொன்னதும் வீட்டில் எல்லோரும் பதறிப்போகிறார்கள். புற்றுநோயா, குடியால் வந்ததா, வயிற்றைக் கிழிக்க வேண்டுமா என்று அடுக்கடுக்காகக் கேள்விகள் வருகின்றன. முதலில் ஒரு ஆறுதல்: பாக்டீரியாவால் வரும் இந்தக் கட்டிக்கு இன்று நல்ல சிகிச்சை இருக்கிறது, பெரும்பாலோர் முழுமையாகத் தேறிவிடுகிறார்கள். அதற்கு மூன்று காரியங்கள் நடக்க வேண்டும். நேரத்தோடு கண்டுபிடிக்க வேண்டும், சீழை அடக்க வேண்டும், கிருமி எங்கிருந்து வந்தது என்று தேட வேண்டும். முதலாவதும் மூன்றாவதும்தான் அதிகம் தவறிப்போகின்றன. அதனால் அவற்றைப் பற்றி இங்கே கொஞ்சம் விரிவாகவே சொல்லியிருக்கிறேன்.

சீழ்க்கட்டி என்றால் கல்லீரலுக்குள் என்ன நடக்கிறது?

பாக்டீரியா கல்லீரலுக்குள் புகுந்து ஒரு இடத்தில் பெருகுகிறது. அதை எதிர்க்க வெள்ளை அணுக்கள் குவிகின்றன. செத்த அணுக்களும் கிருமியும் அழிந்த திசுவும் சேர்ந்து சீழாகின்றன, அதைச் சுற்றி உடல் ஒரு சுவர் எழுப்புகிறது. நோய் பரவாமல் தடுக்கிற அதே சுவர்தான் மருந்து உள்ளே போகவும் தடையாக நிற்கிறது. மருந்து மட்டும் கொடுத்தால் பல நேரங்களில் போதாமல் போவதற்கு இது முக்கியக் காரணம்.

ஒரே கட்டியாகவும் இருக்கலாம், பல சிறு கட்டிகளாகவும் இருக்கலாம். வலது பக்கக் கல்லீரலில்தான் அதிகம் வரும். அந்தப் பக்கம் பெரியது, குடலிலிருந்து வரும் இரத்தமும் அங்கேதான் அதிகம் பாய்கிறது.

நன்றாக இருந்தவருக்குக் கிருமி கல்லீரல் வரை எப்படிப் போனது?

பல வழிகள் உண்டு. இன்று முதலிடம் பித்தநாளத்துக்கு. பித்தக்கல், நாளத்தில் சுருக்கம், கட்டி, நாளம் திறந்திருக்க முன்பு வைத்த சிறு குழாய் (ஸ்டென்ட்) அடைத்துக்கொள்வது என்று எதனாலாவது பித்தம் தேங்கினால், குடல் கிருமிகள் அந்த வழியாகவே மேலேறி வந்துவிடும். இப்படி வரும்போது ஒன்றுக்கு மேற்பட்ட கட்டிகள் இருப்பது சகஜம்.

அடுத்தது குடலிலிருந்து கல்லீரலுக்கு இரத்தம் கொண்டுவரும் போர்ட்டல் சிரை. குடல்வால் அழற்சி, பெருங்குடலில் பை போலப் பிதுங்கிய இடங்களில் வரும் அழற்சி, குடல் புற்றுநோய் எல்லாம் இந்த வழியில் கிருமியை அனுப்பும். ஆக்ஸ்னர், டிபேக்கி, மர்ரே ஆகிய மூவர் 1938-இல் வெளியிட்ட புகழ்பெற்ற ஆய்வில் குடல்வால் அழற்சிதான் முதன்மைக் காரணமாக இருந்தது. நோயாளிகளில் பெரும்பாலோர் இளைஞர்கள். ஆன்டிபயாடிக் வந்து, குடல்வால் ஆபரேஷனும் காலத்தோடு நடக்கத் தொடங்கியபின் அந்தக் காரணம் பின்னுக்குப் போய்விட்டது. இப்போது இந்த நோய் நடுவயதைத் தாண்டியவர்களிடம்தான் அதிகம்.

பல்லில், தோலில், இதய வால்வில் உள்ள தொற்று இரத்தத்தோடு வந்து தங்குவதும் உண்டு. அழுகிய பித்தப்பை பக்கத்திலேயே ஒட்டிக்கொண்டு இருப்பதால் நேராகப் பரவலாம். அபூர்வமாக, விழுங்கிய மீன் முள்ளோ பல் குத்தும் குச்சியோ குடல் சுவரைத் துளைத்துக் கல்லீரலில் குத்தி நிற்கும். விழுங்கியது அவருக்கே நினைவிருக்காது. எவ்வளவு சீழ் எடுத்தாலும் கட்டி திரும்பத் திரும்ப வருகிறது என்றால், பழைய சி.டி. ஸ்கேனை எடுத்து இப்படி ஏதாவது கண்ணில் படுகிறதா என்று மறுபடி பார்ப்பது வீண்போகாது.

இவ்வளவு தேடியும் காரணம் கிடைக்காதவர்கள் கணிசமான பேர்.

குடிப்பழக்கமே இல்லை. அப்படியும் வருமா?

வரும். பாக்டீரியா கட்டிக்கு மது அவசியமான காரணம் இல்லை. நோயாளியை அந்தக் கண்ணோடு பார்க்காதீர்கள்.

சர்க்கரை நோய்க்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?

நெருங்கிய சம்பந்தம். சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு இந்தக் கட்டி வரும் ஆபத்து மற்றவர்களைப் போல மூன்றரை மடங்குக்கும் சற்று மேல் என்று டென்மார்க்கில் நாடு முழுவதும் உள்ள பதிவுகளை வைத்துச் செய்த ஆய்வு காட்டியது. இரத்தத்தில் சர்க்கரை ஏறியிருக்கும்போது வெள்ளை அணுக்கள் கிருமியை விழுங்கிக் கொல்லும் திறன் குறைகிறது.

கிருமிகளில் ஈ. கோலை, ஸ்ட்ரெப்டோகாக்கஸ் வகைகள், பாக்டீராய்ட்ஸ் போன்ற காற்றில்லாமல் வளரும் கிருமிகள் எல்லாம் உண்டு. பல நேரம் இரண்டு மூன்று கலந்தே இருக்கும். ஆனால் தனியாகப் பேச வேண்டியது கிளெப்சியெல்லா நிமோனியே. 1980-களில் தைவான் மருத்துவர்கள் ஒரு புது மாதிரியைக் கவனித்தார்கள். பித்தக்கல் இல்லை, குடல் நோய் இல்லை, ஆனாலும் கல்லீரலில் பெரிய கட்டி. வளர்த்துப் பார்த்தால் கிளெப்சியெல்லா மட்டும். அவர்களில் பலருக்குச் சர்க்கரை நோய். இந்த முரட்டு வகை கல்லீரலோடு நிற்காமல் கண், மூளை, நுரையீரல் என்று பரவக்கூடியது. இப்போது உலகின் பல பகுதிகளிலும் தென்படுகிறது.

காய்ச்சலோடு வந்து கட்டி இருப்பதாகத் தெரிந்தபிறகுதான் சிலருக்குத் தங்களுக்குச் சர்க்கரை இருப்பதே தெரிகிறது. ஆகவே கட்டி என்று தெரிந்த எல்லோருக்கும் சர்க்கரை அளவையும், மூன்று மாதச் சராசரியையும் பார்த்துவிட வேண்டும்.

என்னென்ன அறிகுறிகள் இருக்கும்? ஏன் இவ்வளவு தாமதமாகத் தெரிகிறது?

பத்தில் ஒன்பது பேருக்குக் காய்ச்சல் இருக்கும், பலருக்குக் குளிர் நடுக்கத்தோடு. வயிற்றின் வலது மேற்பக்கம் வலி, பசியின்மை, எடை குறைவது, உடல் அசதி, குமட்டல். பாடப்புத்தகப்படி விலாவுக்குக் கீழே தொட்டால் வலிக்க வேண்டும். நடைமுறையில் கிட்டத்தட்ட பாதிப் பேருக்கு அங்கே எதுவும் தெரியாது. மஞ்சள் காமாலையும் சிலருக்குத்தான்.

கல்லீரலின் மேற்பகுதியில் கட்டி இருந்தால் அது மார்பையும் வயிற்றையும் பிரிக்கும் தசையான உதரவிதானத்தை உரசும். அப்போது வயிறு வலிக்காமல் வலது தோள்பட்டை வலிக்கும், வறட்டு இருமல் வரும், மூச்சை இழுத்தால் குத்தும், விக்கல் நிற்காது. இவரை நிமோனியா என்று நினைத்து மார்பு எக்ஸ்ரே எடுத்தால், வலது பக்கம் கொஞ்சம் நீர் கோத்திருப்பதும் உதரவிதானம் மேலே தூக்கியிருப்பதும் தெரியும். அதைப் பார்த்ததும் கண்ணை எக்ஸ்ரேயின் கீழ்விளிம்புக்குக் கீழே கொண்டுபோக வேண்டும்: கல்லீரலை ஸ்கேன் பார்த்தாயிற்றா?

முதியவர்களிடம் இன்னும் மோசம். காய்ச்சல்கூட சரியாக அடிக்காது. சாப்பாடு இறங்கவில்லை, படுத்தே கிடக்கிறார், பேச்சு தடுமாறுகிறது என்ற அளவில்தான் வீட்டார் கவனிப்பார்கள். நடுவில் யாராவது நான்கைந்து நாள் ஆன்டிபயாடிக் மாத்திரை கொடுத்திருந்தால் காய்ச்சல் அரைகுறையாக அடங்கி, நிறுத்தியதும் மறுபடி கிளம்பும். என் கருத்தில், காரணம் பிடிபடாமல் ஒரு வாரமாக விடாத காய்ச்சலுக்கு, அதுவும் சர்க்கரை நோயாளிக்கு, வயிறு வலிக்காவிட்டாலும் வயிற்று ஸ்கேன் எடுத்தே ஆக வேண்டும். மூன்றாவது முறை மருந்தை மாற்றுவதைவிட அது பயனுள்ளது.

இரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடாதா?

சந்தேகம் வரும், உறுதியாகாது. வெள்ளை அணுக்கள் கூடியிருக்கும், உடலில் அழற்சி இருப்பதைக் காட்டும் சி.ஆர்.பி. ஏறியிருக்கும், அல்புமின் என்ற இரத்தப் புரதம் குறைந்திருக்கும். கல்லீரல் பரிசோதனையில் ஆல்கலைன் பாஸ்படேஸ் என்ற நொதி கூடுவதுதான் அதிகம் காணப்படுவது. மஞ்சள் காமாலையில் ஏறும் பிலிருபின் பாதிப் பேருக்குச் சரியாகவே இருக்கும். "லிவர் டெஸ்ட் நார்மல்" என்ற ஒரு தாளை வைத்துக் கட்டி இல்லை என்று முடிவு கட்டக் கூடாது.

அல்ட்ராசவுண்ட் போதுமா, சி.டி. வேண்டுமா?

தொடக்கத்துக்கு அல்ட்ராசவுண்ட் நல்லது. கதிர்வீச்சு இல்லை, படுக்கையிலேயே செய்யலாம், பித்தக்கல்லையும் சேர்த்துக் காட்டும். ஆனால் முதல் சில நாட்களில் சீழ் உருகித் திரவமாகாமல் இருக்கும்போது அது கெட்டியான கட்டி மாதிரித் தோன்றலாம். உதரவிதானத்துக்கு அடியில் ஒளிந்திருப்பதும், சிறியதும் தப்பிவிடலாம். மருந்து ஏற்றி எடுக்கும் சி.டி. சுமார் 95 சதவீதம் கண்டுபிடித்துவிடும். கட்டிக்குள் தடுப்புகள் உண்டா, காற்று உண்டா, சிரையில் இரத்தக்கட்டி உண்டா, குடலில் ஏதாவது தடித்திருக்கிறதா என்பதும் அதில்தான் தெரியும். அல்ட்ராசவுண்டில் ஒன்றுமில்லை என்று வந்தும் சந்தேகம் தீரவில்லையா, சி.டி.க்குப் போய்விடுங்கள்.

அமீபா கட்டி என்றும் சொல்கிறார்களே. இரண்டும் வேறா?

வேறு. இந்த வேறுபாட்டை வைத்துத்தான் சிகிச்சையே மாறுகிறது. அமீபா கட்டியை உண்டாக்குவது பாக்டீரியா அல்ல, எண்டமீபா ஹிஸ்டாலிடிகா என்னும் ஒட்டுண்ணி. அசுத்தமான நீர், உணவு வழியாகக் குடலுக்குள் போய் அங்கிருந்து கல்லீரலுக்கு ஏறுகிறது. நோயாளி பெரும்பாலும் இளவயது அல்லது நடுவயது ஆண். கட்டி வலது பக்கம் ஒன்றாக இருக்கும். எடுக்கும் திரவம் சாக்லேட் பழுப்பாக, வாடையில்லாமல் வரும். பாக்டீரியா கட்டியின் சீழோ மஞ்சளாக அல்லது பச்சையாக இருக்கும். காற்றில்லாமல் வளரும் கிருமி இருந்தால் நாற்றம் அறை முழுக்க அடிக்கும்.

ஸ்கேனை மட்டும் பார்த்து இரண்டையும் பிரித்துச் சொல்ல முடியாது. அமீபாவுக்கு எதிரான ஆன்டிபாடி பரிசோதனை உதவும், ஆனால் முதல் வாரத்தில் அது வராமல் இருக்கலாம். அமீபா பரவலாக உள்ள இடங்களில் பழைய தொற்றினாலும் பாசிட்டிவ் காட்டலாம். அமீபா என்று உறுதியானால் பெரும்பாலோருக்கு மெட்ரோனிடசோல் மட்டுமே போதும், மூன்று நான்கு நாளில் காய்ச்சல் இறங்கும், குழாய் தேவைப்படாது. அதன்பின் குடலில் மிச்சமிருக்கும் ஒட்டுண்ணியை ஒழிக்கத் தனி மாத்திரை உண்டு. அதை விட்டுவிடக் கூடாது.

எது என்று தெளிவாகாத முதல் நாட்களில் இரண்டுக்கும் சேர்த்தே மருந்து தொடங்குவார்கள். அது குழப்பம் அல்ல, சரியான நடைமுறை.

ஹைடாடிட் எனப்படும் நாடாப்புழுக் கட்டியும் கல்லீரலில் வரும். ஊசி குத்துவதற்கு முன் அது இல்லையா என்று யோசித்தே ஆக வேண்டும், ஏனென்றால் அதன் திரவம் கசிந்தால் உயிருக்கே ஆபத்தான ஒவ்வாமை வரலாம்.

ஆன்டிபயாடிக் தொடங்குவதற்கு முன் ஏன் இவ்வளவு இரத்தம் எடுக்கிறார்கள்?

கல்ச்சருக்காக, அதாவது கிருமியை ஆய்வகத்தில் வளர்த்து எது என்று பார்ப்பதற்காக. ஏறத்தாழ பாதிப் பேருக்கு இரத்தத்திலேயே கிருமி வளரும். மருந்து ஏறிவிட்டால் அந்த வாய்ப்பு குறைந்துவிடும். இன்னும் மதிப்புள்ளது கட்டியிலிருந்து நேரடியாக உறிஞ்சிய சீழ். குழாய் போட்டு இரண்டு நாள் கழித்துப் பையிலிருந்து எடுக்கும் மாதிரியை நம்ப முடியாது, அதற்குள் வெளிக்கிருமிகள் குடியேறியிருக்கும். ஆனால் இரத்த அழுத்தம் விழுகிறது, மயங்குகிறார் என்ற நிலையில் கல்ச்சருக்காக மருந்தைத் தள்ளிப்போடக் கூடாது. இரத்தத்தை எடுத்த கையோடு மருந்தை ஏற்ற வேண்டும்.

என்ன மருந்து, எத்தனை நாள்?

முதலில் பரவலாக வேலை செய்யும் மருந்து. செஃப்ட்ரியாக்சோனோடு மெட்ரோனிடசோல், அல்லது பைபெராசிலின்-டாசோபாக்டம் போன்றவை. எதிர்ப்புச் சக்தி பெற்ற கிருமி என்ற சந்தேகம் இருந்தாலோ, நிலைமை மோசமாக இருந்தாலோ மெரோபெனம் போன்ற கார்பபெனம் வகை. கல்ச்சர் முடிவு வந்ததும் அந்தக் கிருமிக்குப் பொருத்தமான மருந்துக்கு மாற்றிவிடுவார்கள். "வீரியம் குறைந்த மருந்துக்கு மாற்றிவிட்டார்களே" என்று கவலைப்பட வேண்டாம். குறி பார்த்து அடிக்கும் மருந்துதான் நல்ல மருந்து.

மொத்தம் பெரும்பாலும் 4 முதல் 6 வாரம். முதல் பகுதி நரம்பில் ஏற்றுவது, காய்ச்சல் இறங்கி சி.ஆர்.பி. குறைந்ததும் மாத்திரை. கிளெப்சியெல்லா கட்டியில் சீக்கிரமே மாத்திரைக்கு மாறினாலும் பலன் குறைவதில்லை என்று சிங்கப்பூரில் 152 பேரை வைத்துச் செய்து 2020-இல் வெளியான ஆய்வு காட்டியது. கிருமிக்கு அந்த மாத்திரை கேட்க வேண்டும், அது முக்கியம்.

மெட்ரோனிடசோல் சாப்பிடும்போது வாயில் உலோகச் சுவை வரும், பொறுத்துக்கொள்ளலாம். ஆனால் வாரக்கணக்கில் எடுத்தபின் பாதத்தில் எரிச்சலோ மரத்துப்போவதோ தொடங்கினால் உடனே சொல்லுங்கள். சிப்ரோஃப்ளாக்சசின் வகை எடுப்பவர்கள் குதிகாலுக்கு மேலுள்ள தசைநாணில் வலி வந்தாலும், சர்க்கரை அளவு திடீரென்று இறங்கினாலும் சொல்ல வேண்டும்.

காய்ச்சல் விட்ட மூன்றாம் நாளே மாத்திரையை நிறுத்துபவர்கள் இருக்கிறார்கள். தயவுசெய்து செய்யாதீர்கள். சுவருக்குள் இன்னும் கிருமி உயிரோடுதான் இருக்கிறது.

மருந்து மட்டும் போதாதா? ஊசியா, குழாயா?

3 செ.மீ.க்குக் குறைவான கட்டிகள் பெரும்பாலும் மருந்திலேயே கரையும். அதற்கு மேல் போனால் சீழை எடுப்பது நல்லது. 5 செ.மீ. வரை ஊசியால் உறிஞ்சி எடுத்துப் பார்க்கலாம், தேவைப்பட்டால் மறுபடியும் உறிஞ்சலாம். அதற்கு மேல் என்றால் குழாய் வைப்பதுதான் மேல். இந்த அளவுகள் வழிகாட்டிகள்தான். கட்டி இருக்கும் இடம், சீழின் கெட்டித்தன்மை, நோயாளியின் நிலை எல்லாவற்றையும் பார்த்தே முடிவெடுப்பார்கள்.

ஒரு காலத்தில் இதற்குப் பெரிய ஆபரேஷன்தான் வழி. 1953-இல் ஹாங்காங்கைச் சேர்ந்த மெக்ஃபேட்சியனும் அவருடைய இரு சகாக்களும் ஊசியால் உறிஞ்சி ஆன்டிபயாடிக் கொடுத்தே அடுத்தடுத்து 14 நோயாளிகளைக் குணமாக்கியதாக எழுதினார்கள். பரவலாக ஏற்கப்பட அதற்குப் பிறகும் பல ஆண்டுகள் ஆயின. ஸ்கேன் வந்து ஊசி போகும் பாதையைக் கண்ணால் பார்க்க முடிந்தபோதுதான் மருத்துவர்களுக்குத் துணிவு வந்தது.

குழாய் போடும்போது வலிக்குமா? என்ன செய்வார்கள்?

முதலில் இரத்தம் உறையும் தன்மையையும் தட்டணுக்களையும் பார்ப்பார்கள். இரத்தத்தை இளக்கும் மாத்திரை சாப்பிடுபவர் என்றால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். மல்லாந்து அல்லது சற்று இடப்பக்கம் சாய்ந்து படுக்க வைத்து, ஸ்கேன் கருவியால் விலா இடுக்கில் இடம் குறிப்பார்கள். மரத்துப்போகும் ஊசி போடும்போது சுருக்கென்று எரியும். அப்புறம் அழுத்தம் மட்டும்தான் தெரியும். "மூச்சைப் பிடியுங்கள்" என்றால் அசையாமல் பிடிக்க வேண்டும், மூச்சோடு கல்லீரலும் மேலும் கீழும் நகரும். ஊசி உள்ளே போனதும் சிரிஞ்சில் கெட்டியாக, மெதுவாகச் சீழ் ஏறும். அதிலிருந்து கொஞ்சம் உடனே ஆய்வகத்துக்குப் போகும். பிறகு ஒரு கம்பியை வழிகாட்டியாக வைத்து, நுனி சுருண்ட மெல்லிய குழாயைச் செருகி, தோலோடு பொருத்தி, பையில் இணைப்பார்கள்.

அன்று மாலை குளிர் நடுக்கத்தோடு காய்ச்சல் ஏறினால் மிரள வேண்டாம், கட்டியைத் தொட்டதால் கிருமி சிறிது இரத்தத்தில் கலந்ததன் விளைவு அது. ஆனால் நர்ஸிடம் சொல்லிவிடுங்கள், இரத்த அழுத்தத்தைப் பார்க்க வேண்டும்.

குழாயோடு இருக்கும்போது எதைக் கவனிப்பது?

தினமும் ஒரே நேரத்தில் பையில் எத்தனை மில்லி, என்ன நிறம் என்று எழுதி வையுங்கள். அந்தத் தாள் டாக்டருக்கு ஸ்கேனுக்குச் சமமாக உதவும். சீழ் கெட்டியானது, குழாய் அடைத்துக்கொள்ளும். அதனால் சலைன் விட்டுக் கழுவுவார்கள். 60 மில்லி வந்துகொண்டிருந்தது ஒரே நாளில் பூஜ்யமாகி, காய்ச்சலும் திரும்பினால் குணமாகிவிட்டது என்று அர்த்தமல்ல, குழாய் அடைத்திருக்கலாம் அல்லது நழுவியிருக்கலாம். படிப்படியாகக் குறைந்து நாளுக்கு 10 மில்லிக்குக் கீழே வந்து, காய்ச்சலும் இல்லை, ஸ்கேனில் குழியும் சுருங்கிவிட்டது என்றால் எடுத்துவிடுவார்கள். பையில் பளிச்சென்ற மஞ்சள்-பச்சைத் திரவம் தொடர்ந்து வந்தால் அது பித்தமாக இருக்கலாம், நாளத்தோடு தொடர்பு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பித்தநாளம் அடைத்திருந்தால் எண்டோஸ்கோப்பி வழியாக அந்த அடைப்பையும் நீக்க வேண்டும், இல்லாவிட்டால் சீழ் ஊறிக்கொண்டே இருக்கும்.

ஆபரேஷன் யாருக்கு?

கட்டி வயிற்றுக்குள் உடைந்தவர்களுக்கு, பல அறைகளாகத் தடுத்துக் குழாயில் வடியாதவர்களுக்கு, ஏறத்தாழ ஒரு வாரமாகியும் குழாயால் பலன் இல்லாதவர்களுக்கு, பித்தப்பை அல்லது குடலில் எப்படியும் ஆபரேஷன் தேவைப்படுபவர்களுக்கு.

கண் மங்கலாகத் தெரிகிறது என்கிறார். மருந்தின் வேலையா?

அப்படி நினைத்துக் காத்திருக்காதீர்கள். கிளெப்சியெல்லா கண்ணுக்குள் பரவினால் பார்வை மணிக்கணக்கில் போய்விடும். கண் வலி, சிவப்பு, மங்கல், புதிதாக மிதக்கும் புள்ளிகள், எது வந்தாலும் நள்ளிரவானாலும் உடனே சொல்லி, அன்றே கண் மருத்துவர் பார்க்க வேண்டும். நரம்பில் ஏற்றும் மருந்து கண்ணுக்குள் போதிய அளவு போவதில்லை, கண்ணுக்குள்ளேயே ஊசி போட வேண்டியிருக்கும்.

கடும் தலைவலி, கழுத்து விறைப்பு, மூச்சுத் திணறல், வயிறு முழுக்கப் பரவும் வலி, சிறுநீர் குறைவது, குழப்பமான பேச்சு இவையும் காத்திருக்கக் கூடாதவை.

வீட்டில் மற்றவர்களுக்குத் தொற்றுமா?

சாதாரணமாகப் பழகுவதால் தொற்றாது. குழாய்ப் பையைத் தொட்டபின் சோப்புப் போட்டுக் கை கழுவினால் போதும்.

காய்ச்சல் விட்டு ஒரு மாதமாகிறது. ஸ்கேனில் இன்னும் தெரிகிறதே?

தெரியும். ஆள் தேறும் வேகத்தில் ஸ்கேன் தேறாது. குழி மூடி வடு மறைய மாதக்கணக்கில் ஆகலாம். பசி திரும்பி, எடை ஏறி, சி.ஆர்.பி. இறங்கியிருந்தால் அந்த நிழலைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், அதற்காக மருந்தை நீட்டவும் வேண்டாம். சுருங்க வேண்டியது வளர்ந்தாலோ, உள்ளே கெட்டியான பகுதி தெரிந்தாலோ கதை வேறு: நடுவில் அழுகிய புற்றுக்கட்டி சீழ்க்கட்டி வேஷத்தில் வருவது உண்டு, திசு எடுத்துப் பார்க்க வேண்டும்.

கல்லீரலுக்குத்தானே வைத்தியம், ஏன் கொலோனோஸ்கோப்பி (பெருங்குடலுக்குள் கேமரா விட்டுப் பார்ப்பது) கேட்கிறார்கள்?

பித்தநாளத்தில் காரணம் கிடைக்காதவர்களுக்கு, அதிலும் கிளெப்சியெல்லா வளர்ந்தவர்களுக்கு, பெருங்குடல் புற்றுநோய் மறைந்திருக்கும் வாய்ப்பு மற்றவர்களைவிட அதிகம் என்று தைவானிலும் பிற இடங்களிலும் செய்த ஆய்வுகள் காட்டுகின்றன. புண்ணான குடல் சுவர் கிருமிக்கு வாசல் திறந்துவிடுகிறது. நடுவயதைத் தாண்டியவர், மலத்தில் இரத்தம் போனவர், சோகை உள்ளவர், குடும்பத்தில் குடல் புற்றுநோய் உள்ளவர் என்றால் நான் வற்புறுத்தியே சொல்வேன். கட்டி ஆறி, உடம்பு கொஞ்சம் தெம்பானதும் செய்துகொள்ளலாம், அவசரமில்லை. ஆனால் வீட்டுக்குப் போகும்போதே அதற்கான தேதியை வாங்கிவிடுங்கள். காய்ச்சல் விட்டு, வேலைக்கும் திரும்பிவிட்டால் இந்தப் பரிசோதனை அநேகமாக மறந்தே போகிறது, டிஸ்சார்ஜ் தாளில் ஒரு வரியாக மட்டும் நின்றுவிடுகிறது.